வெறும் அடுப்பை எரிக்கக் கூடாது

நான் இருக்கும் டெக்சாஸ் சிற்றூரில் முள்விறகைப் பாலித்தீன் பையில் போட்டு விற்கிறார்கள். சாண் நீளத் துண்டுகள், பட்டை கூட உரிக்காதவை, பையின் மேல் ஒரு பார்கோடு. மரத்தின் பெயர் மெஸ்கீட். நம் சீமைக்கருவேலத்துக்கு அது பங்காளி முறை. இலையையும் முள்ளையும் காயையும் பார்த்தால் எங்கள் நாமக்கல் பக்கத்து எருமப்பட்டிக்காரன் எவனும் உடனே சொல்லிவிடுவான். முதல்முறை அந்தப் பையைக் கையில் தூக்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எங்கள் காடுகழனியில் பொக்லைன் விட்டு வேரோடு பிடுங்கினாலும் அடுத்த மழைக்கு மறுபடி தலைநீட்டும் சனியன் அது. இங்கே அதைக் கறி வாட்டுவதற்கென்றே தேடி வாங்குகிறார்கள். பதினான்கு வருடமாக நானும் வாங்குகிறேன்.

எனக்கு இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர் பக்கத்து வீட்டு டேல். எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைத்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலை அவர் வீட்டுப் பின்புறத்தில் புகை எழுந்தால் எங்கள் தெருவே மூக்கை நீட்டும். அவர் கையால் கட்டிய ஸ்மோக்கர் ஒன்று அங்கே நிற்கிறது. படுக்கவைத்த ஒரு பெரிய இரும்புப் பீப்பாய், ஒரு பக்கம் நெருப்புப் பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி. நெருப்பு கறியைத் தொடவே தொடாது. சூடும் புகையும் மட்டும் பீப்பாய்க்குள் ஊர்ந்து போகும். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று கறி அந்தப் புகையிலேயே வெந்து, கடைசியில் எலும்பைப் பிடித்து இழுத்தால் தனியாகக் கையோடு வந்துவிடும். எங்கள் ஊரில் இந்த மரம் பயிரைக் கெடுக்கும் பீடை என்று ஒருநாள் டேலிடம் விளக்கிச் சொன்னேன். பாதி ஊர் இதுதான், வெட்டி மாளவில்லை என்றேன். அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு, கொடுத்துவைத்தவர்கள் நீங்கள் என்றார்.

என் வேலையும் குழாய்களுக்குப் படம் வரைவதுதான். வரைகிறவன் கை சும்மா இருக்காது. இரண்டு வருடம் மதிய உணவு நேரங்களில் ஒரு ஸ்மோக்கரை வரைந்துகொண்டே இருந்தேன். பீப்பாய் இத்தனை நீளமென்றால் நெருப்புப் பெட்டி எவ்வளவு, புகைபோக்கி எவ்வளவு உயரம், சூடு ஒரே இடத்தில் குவியாமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடு எத்தனை விரற்கடை இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அது டெக்சாஸ் வீட்டுப் பின்புறத்துக்கான அடுப்பு அல்ல. நாமக்கல்லிலிருந்து திருச்சி போகும் சாலையோரம் ஒரு கடை போட்டு, அதன் முன்னால் நிறுத்துவதற்கான அடுப்பு. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நானும் மனைவி கவிதாவும் பேசிக்கொண்டே பதினான்கு வருடத்தை ஓட்டியிருந்தோம். குமாரபாளையத்துக்காரி அவள். வாய்ப்பந்தல் போட்டால் அதன் நிழலில் உட்காரமாட்டாள். ஒருநாள் படத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "மொதல்ல நீங்க போயி இதக் கட்டி, ஊர்க்காரங்க வாயில வெச்சுப் பாருங்க. அவிங்க நல்லா இருக்குதுன்னு சொன்னா நானும் பாப்பாவும் பொட்டியக் கட்டறோம்" என்றாள். இரண்டு மாத விடுப்பு எடுத்தேன். போகவும் வரவும் சேர்த்தே டிக்கெட் எடுத்தேன்.

அம்மாவிடம் போனில், ஊரில் கடை போடப் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னேன். 'பார்க்க' என்ற சொல் நடுக்கடலில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். அம்மா ஒரு நேர்த்திக்கடனை மனதில் வைத்திருந்தது எனக்குத் தெரியும். மகன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டால் எங்கள் குலசாமி கருப்பனாருக்கு ஒரு கிடாய் வெட்டுவதாக வேண்டிக்கொண்டு, குட்டி ஒன்றை வாங்கி, சாமிக்கு விட்டது என்பதற்கு அடையாளமாக அதன் காதில் ஒரு துண்டு வெட்டி வளர்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியபோது அந்தக் கிடாய் இடுப்பளவு வளர்ந்து, கொம்பு சுருண்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா பங்காளி வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி நாளும் குறித்துவிட்டிருந்தார். நான் சோதித்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்படி ஒவ்வொரு நாளும் விட்டேன். திரும்பிப் போகும் டிக்கெட் பெட்டியின் பக்கவாட்டுப் பையில் கிடந்தது.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். கிடாய் விருந்துக்குத்தான் பங்காளிகள் அறுபது பேர் வருகிறார்களே, கவிதா கேட்ட சோதனையையும் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். தலை, குடல், இரத்தம் போக மீதிக் கறி முழுவதையும் ஸ்மோக்கரில் வைப்பதாக அறிவித்தேன். பெரியப்பா ராமசாமி எங்கள் பங்காளிகளில் மூத்தவர். கிடாய்க்கறி என்றால் குழம்பும் வறுவலும்தானே என்று அவர் இழுத்தார். அம்மா எனக்காகப் பரிந்து, மகன் நடத்தப்போகும் தொழில், முதல் கறி சாமி முன்னால் வேகட்டும் என்றார்.

நாமக்கல்லில் டேங்கர் லாரி கட்டும் பட்டறை வைத்திருக்கும் தங்கவேல் அண்ணனிடம் படத்தைக் கொண்டுபோனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஆறு எம்எம் தகடு என்றதும், "ஏனுங்க தம்பி, இது கறி வேக வெக்கறதுக்குங்களா, கல்லு வேக வெக்கறதுக்குங்களா" என்று கேட்டார். ஆனாலும் அந்தப் பட்டறையின் கைநேர்த்தியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தகட்டை உருட்டி வளைத்து எடுத்தபோது வட்டம் அச்சு மாறாமல் இருந்தது. புகைபோக்கிக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்களிடம் கிடந்த கேசிங் பைப் துண்டு ஒன்று கிடைத்தது. மூடியின் கைப்பிடிக்கு லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு. டேல் இதைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி மூன்று நாள் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, முழுதாக முடித்த பிறகு அழைத்துக் காட்டினார்கள். வெளியே கறுப்புப் பெயின்ட், முகப்பில் மஞ்சள் எழுத்தில் 'கருப்பனார் துணை', நான்கு மூலையிலும் பூ. மூடியைத் திறந்தேன். உள்ளே மூலை முடுக்கு விடாமல் இரண்டு கோட் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்திருந்தார்கள்.

தங்கவேல் அண்ணன் மேல் தப்புச் சொல்ல முடியாது. ரெட் ஆக்சைடு அடிக்காமல் ஓர் இரும்பை வாசல் தாண்டி அனுப்புவது அந்தப் பட்டறைக்கு இழுக்கு. துருப் பிடித்தால் பேர் கெட்டுப்போகும் என்று எனக்கு நல்லது நினைத்துத்தான் அடித்திருந்தார். உள்ளே கறி வேகப்போகிறது, பெயின்ட் ஆகாது என்று நான்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். படத்தில் எல்லா அளவும் எழுதினேன், அதை எழுதவில்லை. டெக்சாஸில் எந்த வெல்டரிடமும் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் எனக்குத் தோன்றவே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் முகம் வாடிவிட்டது. பிறகு, ஒரு நாள் முழுக்க உள்ளே கறி எதுவும் வைக்காமல் நன்றாக எரித்தால் எல்லாம் பொரிந்து உதிர்ந்துவிடும் என்றார். டேலும் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். புது ஸ்மோக்கரை முதல் நாள் வெறுமனே எரி, முழு நாள் எரி, அவசரப்படாதே என்று மூன்று தடவை சொல்லியிருந்தார்.

வீட்டு முன்னால் இறக்கி, விறகை அடுக்கி, தீக்குச்சியை எடுத்தேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெறும் அடுப்ப எரிக்கறதா? யாராச்சும் கேட்டாச் சிரிப்பாங்க சாமி."

எங்கள் பக்கத்தில் வெறும் அடுப்பு எரியக் கூடாது. புதுக் கேஸ் அடுப்பு வாங்கினால்கூடப் பால் வைத்துத்தான் பற்றவைப்பார்கள். அடுப்பு வெறுமனே எரிந்தால் வீடு வெறுமையாகும் என்பார்கள். அப்படியானால் பால் வைத்தே எரிக்கிறேன் என்றேன். அதுவும் ஆகாது, இந்த அடுப்பின் முதல் நெருப்பு கருப்பனாருக்குத்தான் என்று நேர்ந்தாகிவிட்டது என்றார். பெயின்ட், புகை, விஷம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தேய்த்து எடுத்தால் போகாதா என்று கேட்டார். போகாது என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பெட்டிக்குள் டிக்கெட்டை ஒளித்துவைத்திருப்பவனுக்கு வீட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்று வாதாட எங்கிருந்து குரல் வரும்? போய்விடும் என்று எண்ணுகிறேன் என்று முனகினேன்.

இரண்டு நாள் உப்புத்தாளும் கம்பி பிரஷும் வைத்துத் தேய்த்தேன். பீப்பாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு தேய்த்தேன். கை எட்டிய இடமெல்லாம் இரும்பு வெள்ளையாக மின்னியது. எட்டாத இடங்கள் இரண்டு. நானே விரற்கடைக் கணக்குப் போட்டு வைக்கச் சொன்ன தடுப்புத் தகட்டின் அடிப்பக்கம் ஒன்று, புகைபோக்கி சேரும் வளைவு இன்னொன்று. அங்கே எவ்வளவு பெயின்ட் இருந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெருப்பு முதலில் நக்குகிற இடமே அந்தத் தகட்டின் அடிப்பக்கம்தான் என்பது வரைந்த எனக்குத் தெரியாதா என்ன.

கோயில் எங்கள் காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. ஸ்மோக்கரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். காலையில் பூசாரி கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம், பிறகுதான் வெட்டுவார்கள். முதல் தடவை தெளித்தபோது கிடாய் சும்மா நின்றது. இரண்டாம் தடவையும் நின்றது. அம்மா கை கூப்பியபடி, "என்ற மவன் வந்துட்டானுங்க சாமி, ஏத்துக்குங்க" என்று உரக்கச் சொன்னார். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். மூன்றாம் தடவை தண்ணீர் காதுக்குள் போயிருக்கும் போல, கிடாய் உதறியது.

எட்டு மணிக்குள் கறி ஸ்மோக்கருக்குள் போய்விட்டது. விறகு வேறென்ன, சீமைக்கருவேலம்தான். அதைப் பொறுக்கிப் பொறுக்கித் துண்டு போட்ட என்னைப் பார்த்து, முள்ளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள் என்று ஒரு மாமன் கேலி செய்தார். முதல் ஒரு மணி நேரம் புகை மஞ்சளாக வந்தது. ஈர விறகு என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன். டேல் இந்நேரம் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்திருப்பார். அரை மணிக்கு ஒரு தடவை கிள்ளுவது அவர் வழக்கம். கோயிலில் அது நடக்காது. படையல் ஆவதற்கு முன்னால் சாமிக்கு வைத்ததை நாக்கில் வைக்கக் கூடாது. படையல் ஆன பிறகும் பந்தி முடியும் வரை விருந்து போடுகிற வீட்டுக்காரன் சாப்பிடக் கூடாது. அறுபது பேர் வாயில் வைக்கப்போகும் கறியின் ருசி தெரியாத ஒரே ஆள் அதைச் சமைத்த நான்தான்.

இரண்டு மணிக்குப் படையல் போட்டு, பரமத்தி வேலூரிலிருந்து வந்த இலைக்கட்டைப் பிரித்துப் பந்தி வைத்தோம். கறி கறுத்துப் பளபளவென்று இருந்தது. தொடை எலும்பைப் பிடித்து இழுத்தேன், தனியாக வந்தது. ஆறு மணி நேரக் கவலையும் அந்த எலும்போடு வந்துவிட்டதாக நினைத்து, கவிதாவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். தட்டுத் தட்டாக நறுக்கிக் கொடுத்தேன், பரிமாறினார்கள். பந்தியில் சத்தம் குறைந்தது. நல்ல சாப்பாட்டுக்கும் சத்தம் குறையும்தான். நான் வரிசையில் நடந்துபோய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒருவர் நல்லா இருக்குதுங்க என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். எல்லோரும் நல்லா இருக்குதுங்க என்றே சொல்லிக்கொண்டு, மெல்ல மெல்ல மென்றுகொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"காரமுங்களா பெரியப்பா?"

"அதெல்லாம் இல்ல. வெளிநாட்டு ருசி இப்பிடித்தான இருக்கும். பழகோணுமல்ல?" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

என் கையை மூக்கருகே கொண்டுபோனேன். தங்கவேல் அண்ணன் பட்டறை வாசம் அடித்தது. ஓடிப்போய் மீதிக் கறியைப் புரட்டிப் பார்த்தேன். மேலே கறுத்திருந்த பொருக்கை நகத்தால் சுரண்டியதும் அடியில் செம்மண் நிறத்தில் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. யாரும் சாப்பிடாதீர்கள், துப்புங்கள் என்று கத்தியபடி இலையிலிருந்த கறியை நானே வாரிக்கொண்டு ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். பந்தியில் உட்கார்ந்தவர் இலையில் கைவைப்பதைப் போன்ற அவமரியாதை எங்கள் பக்கம் வேறில்லை. பெரியப்பா இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, பரவாயில்லை, பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர்களின் மரியாதைக்கு முன்னால் நான் என்ன செய்ய முடியும்? விஷத்தைக்கூட நன்றாக இருக்கிறது என்று விழுங்கத் தயாராக இருந்தார்கள், நான் வாடிவிடக் கூடாது என்பதற்காக.

நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மோர் குடித்தார்கள், ரசமும் குடல் குழம்பும் ஊற்றிச் சோறு தின்றார்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். கோயில் கறியை வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது, நாய்க்கும் போடக் கூடாது. குழி வெட்டி மூடினோம். இரண்டு வருடம் வளர்த்த கிடாய்க்கு அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலியான தட்டுகளை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். பெயின்ட்டால் வந்த வினை என்று ஆரம்பித்தேன். அம்மா தலைநிமிராமல் கேட்டார்:

"திரும்பிப் போறதுக்கும் சேத்துத்தான டிக்கெட்டு எடுத்திருக்கற?"

துணி துவைக்க எடுத்தபோது பார்த்திருக்கிறார். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அதான். வந்துட்டான்னு நாந்தான் சாமிகிட்டப் பொய் சொல்லிப்புட்டேன்" என்றார்.

அது பெயின்ட்தான் அம்மா, வெறும் பெயின்ட் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் சரியாகவும் இருந்திருக்கும். ஆனால் பொய் சொன்னவன் நான், பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டவர் அவர். அவரிடமிருந்து அதை இறக்கிவைக்க எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை. தட்டுகளை வாங்கிக் கழுவிக் கொடுத்தேன். அது ஒன்றுதான் முடிந்தது.

அடுத்த வாரம் தங்கவேல் அண்ணன் வெட்டும் கருவியோடு வந்து தடுப்புத் தகட்டைக் கழற்றி எடுத்தார். முதல் நெருப்பு கோயிலில் ஆகிவிட்டதால் ஒரு பானைத் தண்ணீரை உள்ளே வைத்து நாள் முழுக்க எரிக்க அம்மா தடை சொல்லவில்லை. செதிலெல்லாம் உதிர்ந்தது, வழித்து எடுத்து, தகட்டை மறுபடி பொருத்தினோம். கிளம்புவதற்கு முன்தினம் இரண்டு நாட்டுக்கோழியை அதில் வைத்தேன். இந்தத் தடவை நானே முதலில் தின்று பார்த்தேன், அருமையாக வந்திருந்தது. அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பெரியப்பாவும் நன்றாக இருக்கிறது என்றார். அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கவிதாவிடம் போனில் ஊர்க்காரர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவள் என் குரலை வைத்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டு, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, பார்த்து வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

டெக்சாஸ் திரும்பியதும் நடந்ததை டேலிடம் சொன்னேன். வெறுமனே எரிக்கச் சொன்னேனே என்று அவர் வருத்தப்பட்டார். ஏன் எரிக்கவில்லை என்பதைச் சொல்ல எடுத்த முயற்சியில் அம்மா, சாமி, அடுப்பு, வீடு என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு நின்றுவிட்டேன். கிடாய் நான் ஊர் திரும்புவதற்காக வெட்டியது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் அடுத்த தடவை போகும்போதும் உனக்கு விருந்து உண்டு என்றார். ஆமாம் என்றேன். நான் வாங்கிவைத்த மெஸ்கீட் பை கார் ஷெட்டில் பிரிக்காமல் இருக்கிறது.

போன ஞாயிறு அம்மா வீடியோவில் வந்தார். போனைத் திருப்பி வாசலைக் காட்டினார். 'கருப்பனார் துணை' என்ற மஞ்சள் எழுத்து தெரிந்தது. ஸ்மோக்கரின் காலில் ஒரு கறுப்புக் குட்டியைக் கட்டியிருந்தார். அது நெருப்புப் பெட்டியின் மேல் தாவி ஏறி நின்று கத்தியது. சந்தையில் வாங்கியதாம், வெயிலுக்கு அந்தப் பீப்பாயின் நிழல் அதற்குத் தோதாக இருக்கிறதாம். மறுபடி நேர்ந்துகொண்டாயா அம்மா என்று கேட்டேன். அம்மா குட்டியின் தலையைப் பிடித்து போனுக்கு நேராகத் திருப்பினார். இரண்டு காதும் முழுசாக இருந்தன.

"இன்னும் காது வெட்டல சாமி. நீ போறதுக்கு மட்டும் டிக்கெட்டு எடுக்கற அன்னைக்குச் சொல்லு. அப்ப வெட்டிக்கலாம்."

போறதுக்கு என்று எந்தப் பக்கத்தைச் சொல்கிறார் என்று ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை. சரிம்மா என்றேன். குட்டி இரண்டு காதையும் ஆட்டியபடி என் அடுப்பின் மேல் நின்றுகொண்டிருந்தது.